தாளில் பாய்கிறவர்கள்

'கட்-அவுட்' என்ற சொல் தமிழுக்கு வந்தபோது அதோடு ஒரு விறைப்பும் வந்து சேர்ந்தது. வெட்டி எடுத்தது என்பதுதான் அதற்கு நேர் அர்த்தம். நம்மிடம் அது சவுக்குக் கம்புகளின் முட்டில் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஓர் ஆள் என்றாகிவிட்டது. தலைவராக இருக்கலாம், நடிகராக இருக்கலாம். கைகூப்பி நிற்பார், அல்லது கையை அசைத்து நிற்பார். அசைக்கிற கையும் நின்றுதான் இருக்கும். பலகையில் வரைந்து விளிம்போடு அறுத்து எடுத்த அந்த உருவங்களின் காலம் முடிந்து விநைல் பேனர் வந்துவிட்டது. ஆனால் அவை நமக்குப் பழக்கிவைத்த பார்வை போய்விடவில்லை. ஓர் உருவத்தை அது நிற்கும் இடத்திலிருந்து அறுத்துத் தனியே எடுத்தால் அது பெரிதாகிறது, கும்பிடத் தகுந்ததாகிறது என்கிற பார்வையைத்தான் சொல்கிறேன்.

நான் நாற்பது வருஷங்களாகத் தாளை வெட்டி ஒட்டி விளையாட்டுக்காரர்களைச் செய்துகொண்டிருக்கிறேன். ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள், குப்புற விழுந்து பந்தை மறிக்கிறவர்கள், தண்ணீரில் பாய்கிறவர்கள். இதைக் கொலாஜ் என்று சொன்னால் சிறுபத்திரிகை வட்டத்தில் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது. தூத்துக்குடியில் என் தெருக்காரர்கள் தாள் ஒட்டுகிற வேலை என்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் பொருத்தம். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் ஒட்டுவது என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. 1912-ல் பிக்காஸோவும் பிராக்கும் எண்ணெய்த்துணியையும் சுவர்த்தாளையும் படத்துக்குள் ஒட்டியபோது அவர்கள் ஒட்டிச் செய்தது மேஜை, புட்டி, கிதார், செய்தித்தாள். எல்லாம் அசையாத பொருள்கள். அசைகிற மனிதனைத் தாளில் வெட்டுவது வேறு சங்கடம். அதைப் பற்றித்தான் இங்கே எழுத உத்தேசம்.

முதல் சங்கடம் முகம்.

எங்கள் பக்கத்தில் படம் என்றால் காலண்டர். சிவகாசி அச்சடித்த அந்தக் காலண்டர்களின் உருவங்களுக்குப் பெரிய அளவில் ரூபம் கொடுத்தவர் கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்கு சீன் எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய தெய்வங்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன. அறையில் எந்த மூலையில் நின்றாலும் பார்க்கின்றன. முருகன் மயில்மீது இருப்பான், மயில் பறக்காது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் படங்கள் தரிசனத்துக்கென்று உண்டானவை. தரிசனம் கொடுக்கிறவர் அசைந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் இதில் பழகிய கண் விளையாட்டுக்காரனிடம் வந்ததும் திகைக்கிறது. விளையாடுகிறவன் நம்மைப் பார்ப்பதில்லை. பந்தைப் பார்க்கிறான், கோட்டைப் பார்க்கிறான், பல சமயம் எதையுமே பார்க்காமல் தன் உடம்புக்குள் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறான். நாம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பார்க்கிறவனைப் பொருட்படுத்தாத உருவம் நம் சுவர்களில் எப்போதாவது இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நான் வெட்டுகிற உருவங்களுக்குக் கண், மூக்கு கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பது: "இது யாரு?" யாருமில்லை என்றால் முகம் சுருங்கிவிடுகிறது. கபில்தேவ் என்று சொல்லிவிட்டால் நிம்மதி. ஒரு கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரர், உயரம் தாண்டுகிறவள் ஒருத்தியின் படத்தைப் பார்த்து, "பொட்டு ஒண்ணு வச்சுருங்க, லெட்சணமா இருக்கும்" என்றார். முதுகு காட்டித் தாண்டுகிறவளுக்கு எங்கே பொட்டு வைப்பது?

அடுத்தது, தாள் எங்கிருந்து வருகிறது என்பது. சிவகாசி அச்சகங்களில் ஒரு வேலைக்கு மை சரிபார்க்க ஓட்டுகிற தாளை எறிந்துவிட மாட்டார்கள். அடுத்த வேலைக்கும் அதே தாள் மெஷினுக்குள் போகும், அதற்கடுத்ததற்கும் போகும். லெட்சுமியின் தாமரைமேல் தீப்பெட்டி லேபிள், அதன்மேல் பட்டாசுப் பெட்டியின் குருவி, அதன்மேல் நோட்டு அட்டையின் தேசப்படம் என்று ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எதுவும் எதுவாகவும் தெரியாத வெறும் நிறமாகிவிடும். அப்புறம் எடைக்குப் போகும். கர்ட் ஷ்விட்டர்ஸ் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே மெஷின் செய்து தள்ளுகிற கொலாஜ் அது. நான் பல வருஷங்களாக அந்தத் தாளைத்தான் வாங்கி வெட்டுகிறேன். மொழமொழவென்ற ஆர்ட் பேப்பரில் தெய்வங்களின் தோல் நிறம் ஒன்று உண்டு, இளஞ்சிவப்புக்கும் சந்தனத்துக்கும் நடுவில். ஓட்டக்காரனின் தொடைக்கு அதைப்போல் பொருந்துகிற நிறம் கடையில் விற்கிற கிளேஸ் காகிதத்தில் இல்லை.

சலனத்துக்கான மாதிரிகள் வேறிடத்திலிருந்து வந்தன. 1978-ல் 'ஸ்போர்ட்ஸ்டார்' தொடங்கியபின் அதன் நடுப்பக்க வண்ணப்படங்கள் சலூன் சுவர்களில் நடிகைகளுக்கும் சாமிகளுக்கும் நடுவில் இடம்பிடித்தன. நல்ல படங்கள். ஆனால் அந்தப் புகைப்படத்திலிருந்து ஓட்டக்காரனை விளிம்போடு வெட்டி எடுத்துப் பாருங்கள், அந்த நிமிஷமே அவன் ஓட்டத்தை நிறுத்திவிடுவான். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளாகிவிடுவான். கேமரா பிடித்தது நிஜம்தான், உடம்பில் ஒரு தசைகூடப் பொய்யில்லை, இருந்தும் ஓட்டம் இல்லை.

இது பழைய வழக்கு. 1878-ல் மைப்ரிட்ஜ் கலிபோர்னியாவில் ஓடுகிற குதிரையை வரிசையாகக் கேமராக்கள் வைத்துப் பிடித்தபோது, அதுவரை ஓவியர்கள் எழுதிய குதிரைகளெல்லாம் தப்பு என்றாகிவிட்டது. ஜெரிக்கோ 1821-ல் எழுதிய எப்ஸம் பந்தயத்தில் குதிரைகள் முன்னங்காலை முன்னாலும் பின்னங்காலைப் பின்னாலும் நீட்டி அந்தரத்தில் மிதக்கின்றன. அப்படி ஒரு கணம் எந்தக் குதிரையின் ஓட்டத்திலும் கிடையாது. ரோதேன் இதற்குப் பதில் சொன்னார்: ஓவியன் சொல்வதே உண்மை, புகைப்படம்தான் பொய், ஏனென்றால் காலம் நிற்பதில்லை, ஓவியன் வெவ்வேறு கணங்களை ஒரே உடம்பில் சேர்த்து எழுதுகிறான் என்பது அவருடைய வாதம். நான் ரோதேன் கட்சிதான். ஆனால் அவர் சொன்னது பாதி என்று கத்தரிக்கோல் பிடிக்கிறவனுக்குத் தெரியும். புகைப்படத்தில் இருக்கும்போது அதே ஓட்டக்காரன் ஓடிக்கொண்டுதானே இருந்தான்? வெட்டியபோது எது போயிற்று? தரை போயிற்று. பாதையின் வெள்ளைக் கோடு, மண்ணில் விழுந்த நிழல், பின்னால் வருகிறவனின் கலங்கல், எல்லாம் போயிற்று. அந்த உடம்பு எதை எதிர்த்து உந்தியதோ அது போனதும் உந்தலும் போய்விட்டது.

இதை வெறும் தொழில் நுணுக்கமாக நான் நினைக்கவில்லை. லெனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா' (1938) என்ற படத்தை நம் திரைப்படச் சங்கத்துக்காரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்; நம் தியான்சந்த் தங்கம் வாங்கிய ஒலிம்பிக். அதன் கடைசிப் பகுதியில் பலகையிலிருந்து குதிக்கிறவர்கள் வருகிறார்கள். முதலில் குதிக்கிறார்கள், தண்ணீரில் விழுகிறார்கள். போகப் போகத் தண்ணீர் குறைகிறது. ஓர் உடம்பு விழுந்து முடிவதற்குள் வெட்டி அடுத்த உடம்பு, அடுத்த உடம்பு. கேமரா கீழிருந்து பார்க்கிறது. மனிதர்கள் கறுத்த வடிவங்களாக மேகத்தின்மேல் பறக்கிறார்கள். யாரும் விழுவதே இல்லை. அந்த அழகை நான் மறுக்கமாட்டேன். மறுக்கிற விமர்சகர்கள் படத்தைச் சரியாகப் பார்க்காதவர்கள். ஆனால் அந்த அழகு எப்படி உண்டாகிறது? தண்ணீரை வெட்டி எறிந்ததால் உண்டாகிறது. விழ வேண்டிய இடத்தை எடுத்துவிட்டால் உடம்பு விக்கிரகமாகிவிடுகிறது. சினிமாவில் அதை எடிட்டிங் என்கிறோம். எங்கள் தெருமுனையில் கம்புகட்டி நிறுத்தியபோது கட்-அவுட் என்றோம். இரண்டு கத்தரிக்கோலும் ஒரே பட்டறையில் அடித்தவை என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் வெட்ட வேண்டியது உடம்பை அல்ல, தரையை. இது எனக்குப் பிடிபட்டது கோவில்பட்டி ஹாக்கியில்.

கோவில்பட்டியில் ஹாக்கி தலைமுறை தலைமுறையாக இருக்கிறது, தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் போல. ஏன் அந்தக் கரிசல் ஊரில் போய் இந்த ஆட்டம் வேர்பிடித்தது என்பதை யாராவது ஒழுங்காக எழுத வேண்டும். 2022-ல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் அங்கே உருவானவர்கள். இப்போது செயற்கைப் புல் விரித்த மைதானம் இருக்கிறது. நான் போய் உட்கார்ந்திருந்த காலத்தில் மண்தான். ஹாக்கி ஆடுகிறவன் நிமிர்வதில்லை. முதுகை மடித்து, கண்ணைத் தரையில் வைத்து, கோலின் நுனியில் பந்தை இடமும் வலமும் புரட்டிக்கொண்டே ஓடுகிறான். கிரிக்கெட்டில் மட்டை பிடிக்கிறவனுக்கு ஒரு தோரணை இருக்கிறது, ஃபுட்பாலில் கோல் போட்டவன் சட்டையைக் கழற்றி ஓடுகிறான். ஹாக்கியில் போஸ் என்று எதுவும் அமைவதில்லை. அதனாலேயே அது எனக்குப் பிடித்துப்போயிற்று. காலண்டர் தெய்வத்துக்கு நேர் எதிரான உடம்பு.

அதை ஒரே துண்டாக வெட்டினால் கூன் விழுந்த கிழவன் போல வருகிறது. நான் ஐந்து துண்டாக வெட்டுகிறேன். தலையும் தோளும் ஒன்று, முதுகு ஒன்று, தொடைகள் இரண்டு, பின்னங்கால் ஒன்று. முன்னங்கால் வெட்டுவதே இல்லை. துண்டுகளுக்கு நடுவில் ஒரு நெல் கனத்துக்கு இடைவெளி. இந்த இடைவெளி எலும்பு மூட்டு இருக்கும் இடத்தில் அப்படியே வந்தால் உருவம் தோற்பாவையாகிவிடும். மூட்டுக்குச் சற்று மேலோ கீழோ சாய்வாக வர வேண்டும். அப்போது கண் ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிப் போகிறது. அந்தத் தாண்டலை நாம் ஆடுகிறவனுடைய தாண்டலாக எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் உடம்பின் சாய்வு. நிற்க முடிந்த சாய்வில் ஒட்டினால் நிற்கிறான். இன்னும் ஒரு இமைப்பில் விழுந்துவிடுவான் என்ற சாய்வில் ஒட்டினால்தான் ஓடுகிறான். கோலுக்குக் கத்தரிக்கோல் உதவாது, அவ்வளவு மெல்லிசாகக் கை வெட்டாது; கட்டிங் மெஷினில் விழுகிற ஓரக் கழிவில் ஒரு கீற்று எடுத்துக்கொள்வேன்.

முக்கியமானது மண். காவி நிறத் தாள் ஒன்றைக் கீழே ஒட்டி அதன்மேல் ஆளை நிறுத்தினால் தரை விரிப்பாகிவிடும். நான் அந்தக் காவித் தாளில் பின்னங்கால் உதைக்கிற இடத்தை உள்வாங்கி வெட்டுகிறேன், பிறை மாதிரி. கால் அந்தப் பிறைக்குள் முழுசாகப் பொருந்தாது. விரல் நுனி மட்டும் தொடும். பார்க்கிறவர்களுக்கு இந்தப் பிறை தெரிவதில்லை. தெரிய வேண்டியதுமில்லை. அதை மூடிப் பாருங்கள், ஆள் நின்றுவிடுகிறான். காவித் தாளைத் திருப்பித் திருப்பித்தான் வெட்ட வேண்டும், கத்தரிக்கோல் அசையாமல் இருக்க வேண்டும். வெட்டுகிற கை ஓடினால் விளிம்பு நொறுங்கும். இதையும் ஒரு சுவாரஸ்யத்துக்காகச் சொல்கிறேன்.

பசை மைதாதான், மயில்துத்தம் போட்டுக் காய்ச்சியது. துத்தம் இல்லாவிட்டால் கரப்பான் வந்து வீரனின் தோளைத் தின்றுவிடும். கடலோரத்தில் தாளுக்கு வேறொரு குணம் வந்துவிடுகிறது. உப்புக் காற்றில் எப்போதும் ஒரு ஈரம், ஐப்பசி கார்த்திகையில் சொல்லவே வேண்டாம், ஒட்டிய ஓரங்கள் எழும்பிவிடும். சென்னை நண்பர்கள் சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டச் சொல்வார்கள். எழும்புகிற ஓரத்தில் ஒரு மயிரிழை நிழல் விழுகிறதே, அதை இழக்க எனக்கு மனசில்லை.

மத்தீஸின் தாள்களும் இப்படித்தான் இருந்திருக்கின்றன. அவை முதலில் சுவரில் குண்டூசியால் குத்தப்பட்டுத் தொங்கியவை. பின்னால்தான் ஒட்டப்பட்டன. 1941-ல் குடலில் பெரிய அறுவைச் சிகிச்சை, அதன்பின் பெரும்பாலும் படுக்கை, சக்கர நாற்காலி. உதவிக்கு இருந்த பெண்கள் தாளுக்கு வண்ணம் பூசிக் கொடுப்பார்கள், அவர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டுவார், அவர் காட்டிய இடத்தில் அவர்கள் ஏறிக் குத்துவார்கள். 1947-ல் வெளிவந்த 'ஜாஸ்' புத்தகத்தின் 20 படங்களில் கத்தி எறிகிறவன், அந்தரத்தில் ஊஞ்சலாடுகிறவர்கள், தொட்டிக்குள் நீந்துகிறவள், விழுகிற இகாரஸ் எல்லாரும் இருக்கிறார்கள். எழுந்து நடக்க முடியாதவர் வெட்டியது முழுக்க அந்தரத்தில் இருக்கிறவர்களை. இதை வைத்து உருக்கமாக ஒரு கட்டுரை எழுதிவிடலாம், நிறையப் பேர் எழுதியும் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. எனக்குப் பட்டது வேறு.

1952 கோடையில் அவருக்கு 82 வயது. பாய்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று கான் நகரத்து நீச்சல்குளம் ஒன்றுக்குப் போனார். வெயில் தாங்கவில்லை. திரும்பிவந்து, நீஸ் நகரத்தில் தான் குடியிருந்த ரெஜினா கட்டடத்துச் சாப்பாட்டு அறையில், தலைக்குச் சற்று மேலே சுவரைச் சுற்றி வெள்ளைத் தாள் பட்டை ஒன்றை ஓட்டச் சொன்னார். அதில் நீலத் தாளில் வெட்டிய உடம்புகள். மொத்தம் 16 மீட்டருக்கு மேல் போகிறது. இன்று நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் இருக்கிறது, 1975-லிருந்து. நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன், முதலில் கறுப்பு வெள்ளையில். கறுப்பு வெள்ளையில் பார்த்தது நல்லதாகவே போயிற்று. நீலத்தின் மயக்கம் இல்லாமல் அதில் நடக்கிற கணக்கு தெரிந்தது. ஓரிடத்தில் நீலம் உடம்பு, வெள்ளை தண்ணீர். கொஞ்சம் தள்ளிப் போனால் நீலம் தண்ணீராகி, நடுவில் விட்ட வெள்ளை உடம்பாகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் எது எதுவென்று சொல்ல முடியவில்லை. சிலது பட்டைக்கு வெளியே தெறித்துப் போகிறது. ரீஃபென்ஸ்டால் தண்ணீரை எடுத்துவிட்டு உடம்பை வைத்துக்கொண்டார். கிழவர் தண்ணீருக்குச் சமபங்கு கொடுத்தார். உடம்பு இடித்துக்கொண்டு போகிற பொருளையும் உடம்பைப் போலவே வெட்டினார்.

அதே 1952 ஜூலையில் ஹெல்சிங்கியில் இந்தியா ஹாலந்தை 6–1 என்று ஜெயித்தது. ஐந்து கோல் பல்பீர்சிங் போட்டது. அந்த ஐந்தில் ஒன்றாவது என் கண்ணுக்குள் ஒரு வடிவமாக இல்லை. இருப்பது இரண்டு வரிசையில் கைகட்டி நிற்கிற குழுப்படம்தான். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள்.

நம்மிடம் தாள் வெட்டிய பெரிய கை ஒன்று உண்டு, வினோத்பிஹாரி முகர்ஜி (1904–1980). 1950-களில் பார்வை முற்றிலும் போனபின் சாந்திநிகேதனில் தாளை மடித்தும் வெட்டியும் உருவங்கள் செய்தார். சத்யஜித் ராய் 1972-ல் அவரைப் பற்றி எடுத்த குறும்படத்தில் அந்தக் கைகளைப் பார்க்கலாம். அவர் விளையாட்டுக்காரர்களை வெட்டியவரல்ல. உட்கார்ந்திருக்கிற, சாய்ந்திருக்கிற சாதாரண மனிதர்கள். ஆனால் விளிம்பு என்பது கண்ணுக்குரியது மட்டுமல்ல, விரல் தடவி அறிகிறது என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இருட்டில் ஒரு தடவை என் ஹாக்கிக்காரனைத் தடவிப் பார்த்தேன். இடைவெளிகள்தான் கையில் தட்டின.

1980-களின் நடுவில் இந்தப் படங்கள் பத்துப் பன்னிரண்டைச் சில நண்பர்கள் கூடி ஒரு பள்ளிக்கூட அறையில் மாட்டிப் பார்த்தோம். அதில் ஒருவர் இடதுசாரி, கறாரான வாசகர். சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஒங்க ஊர்ல தோணியில மூட்டை ஏத்துறவன் கண்ணுல படலையா? சங்கு குளிக்கப் போறவன் படலையா? ஒலிம்பிக்தான் வேணுமா?" கேள்வி நியாயமானது. அன்று ராத்திரி முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அவர் சொன்னபடி மூட்டை தூக்குகிறவனை ஓட்டக்காரனைப் போல வெட்டிவிடலாம். சோவியத் சுவரொட்டிகளில் சுத்தியல் ஓங்குகிறவர்கள் எல்லாரும் வட்டு எறிகிறவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் பழைய துறைமுகத்தில் போய் நின்று பாருங்கள். மூட்டை சுமக்கிறவன் தேவைக்கு மேல் ஒரு விரலைக்கூட அசைப்பதில்லை. சாயங்காலம் வரைக்கும் வேண்டிய பலத்தை அவன் மிச்சம் பிடிக்கிறான். விளையாட்டுக்காரன் பத்து விநாடியில் எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான், கொட்டுவதுதான் அவனுக்கு விதி. இரண்டு உடம்பின் பொருளாதாரம் வேறு. ஒன்றை இன்னொன்றாக வெட்டுவது உழைக்கிறவனுக்குச் செய்கிற மரியாதை இல்லை, அவனையும் ஒரு கட்-அவுட் ஆக்குகிற காரியம். இதைச் சொன்னேன். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளாமலே காலமாகிவிட்டார்.

ஆனால் சங்கு குளிக்கிறவன் என்று அவர் சொன்னது தொண்டையில் சிக்கிக்கொண்டது.

தூத்துக்குடியில் கடைசி அரசாங்க முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது, 1955-ல் தொடங்கிய வரிசையின் முடிவாக. அதற்கப்புறம் பார்களில் சிப்பி அந்த அளவுக்கு விளையவில்லை. 1973-ல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சிக்காரர்கள் இங்கே சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். அது வேறு கதை. கொற்கைக் காலத்திலிருந்து வந்த ஒரு தொழில் நின்றது, சங்கு குளிப்பு மிஞ்சியது. திரேஸ்புரத்தில் அந்தக் காலத்து முத்துக்குளிப்புக்கு வாலிபத்தில் போன ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டேன். நான் எதிர்பார்த்துப் போனது தலைகீழாகப் பாய்கிற உடம்பை. மத்தீஸ் வெட்டியதைப் போல, ஒலிம்பிக் பலகையிலிருந்து வருவதைப் போல. பெரியவர் எழுந்து நின்று காட்டினார். கயிற்றில் கட்டிய கனமான கல், அதில் ஒரு காலை ஊன்றிக்கொள்ள வேண்டும், ஒரு கை கயிற்றில், மூச்சைப் பிடித்ததும் கல்லை இறக்கிவிடுவார்கள். நின்றபடியே கீழே போகிறான். விறைப்பாக, செங்குத்தாக. இறங்குவது அவனுடைய செயலே இல்லை, கல்லின் செயல். தரை தட்டியதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒரு நிமிஷத்துக்குச் சற்றுக் கூடக் குறைய, வலைப்பையில் கைக்கு அகப்பட்ட சிப்பியை அள்ளுவான். அப்புறம் கயிற்றில் ஒரு இழுப்பு. அந்தக் காலத்தில் அள்ளியதில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளிக்கிறவர்களுக்கு என்பதே நெடுங்கால வழக்கம். சுறாவின் வாயைக் கட்டக் கரையில் கடல்கட்டி ஒருவர் மந்திரத்தோடு இருப்பார், அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

யோசித்துப் பாருங்கள். நான் இத்தனை வருஷம் எந்த உருவத்திலிருந்து தப்பி ஓடினேனோ, அசையாமல் நேராக நிற்கிற அந்த உருவம், இங்கே பத்துப் பன்னிரண்டு பாகம் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. கட்-அவுட்டின் தோரணைதான், ஆனால் அந்த நிலையில் வேறு எந்த விளையாட்டுக்காரனைவிடவும் அதிகமான செயல் அந்த நெஞ்சுக்குள் நடக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. பார்க்க யாரும் இல்லை. தோணியில் இருப்பவர்களுக்குத் தெரிவது கயிறும் குமிழியும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பட்டை செய்து எடுத்துக்கொண்டு போனேன். ஆளுக்கு நிறமே இல்லை, வெள்ளையாக விட்டேன். சுற்றிலும் நீலம், பச்சை, கருநீலம், கீழே போகப் போகக் கனத்துக்கொண்டு. எல்லாம் அந்தச் சிவகாசித் தாள். உற்றுப்பார்த்தால் கருநீலத்தில் ஏதோ ஒரு தெய்வத்தின் கழுத்து தெரியும். தண்ணீர்த் துண்டுகள் ஒவ்வொன்றும் ஆளை நெருக்கிக்கொண்டு வரும்படி வெட்டியிருந்தேன், மார்புப் பக்கத்தில் அதிகமாக. பெரியவர் நிறைய நேரம் பார்த்தார். யாரு என்று கேட்கவில்லை. என்னிடம் அதைக் கேட்காத முதல் ஆள் அவர்தான்.

"தம்பி, இவன் கயித்த யாரு பிடிச்சிருக்கா?" என்றார்.

பட்டையின் மேல் விளிம்போடு கயிறு முடிந்துவிடுகிறது என்றேன்.

"மேல ஒருத்தன் இருந்தாத்தான் இவன் முங்கவே செய்வான். மச்சினன்தான் பிடிப்பான். அக்கா தங்கச்சி தாலி இருக்குல்லா, அவன் கைய விடமாட்டான். நீங்க இவன மட்டும் வெட்டி வச்சிருக்கீங்க."

தோணியில் இருக்கிற அந்த மச்சினனை நான் பிறகு நேரிலேயே பார்த்தேன், சங்கு குளிக்கப் போன தோணிகளில். அவன் எதுவும் செய்வதில்லை. விளிம்பில் உட்கார்ந்திருக்கிறான். கண் தண்ணீரில் இல்லை, அடிவானத்திலும் இல்லை. கயிறு அவன் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிடக்கிறது, இறுக்கமாகவும் இல்லை, தளர்ந்தும் இல்லை. அவனுடைய முழுக் கவனமும் அந்த இரண்டு விரல் நுனியில் இருக்கிறது. பக்கத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிக்கொண்டே இருப்பான், விரல் மாறாது.

தருவை மைதானத்தில் காலையில் ஓடுகிறவர்களை நான் இன்றும் போய்ப் பார்க்கிறேன், வெட்டவும் செய்கிறேன். ஆனால் கடந்த சில வருஷங்களாக மேஜையில் கிடப்பது அந்தக் கைதான். தனிப் பட்டை ஒன்றில் தோணியின் ஓரமும் அவனுடைய தோளும் முழங்காலும் வைத்து, குளிக்கிறவனின் பட்டைக்கு மேலே, ஒரு முழம் இடம் விட்டு மாட்டியிருக்கிறேன். நடுவில் வெறும் சுவர். கயிறு என்று எதையும் ஒட்டவில்லை; ஓரக் கழிவுக் கீற்று ஒன்றை வைத்துப் பார்த்தேன், கோடாகத்தான் தெரிந்தது, எடுத்துவிட்டேன். கை தாமரை நிறத் தாளில் வெட்டியது. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் பசை தடவியாயிற்று. பெருவிரலுக்கு மட்டும் தடவவில்லை. கச்சான் அடிக்கிற மாதங்களில் ஜன்னல் திறந்திருந்தால் அது கொஞ்சம் எழும்புகிறது, காற்று நின்றால் படிந்துகொள்கிறது.